மின்னேடும் குழந்தைகளின் வாசிப்புரிமையும்



கல்வியைப் பற்றிச் சிந்திப்பதற்கென்றே ஏற்படுத்தப்பட்ட இந்த அறக்கட்டளையின் சார்பில், இணையத்தின் வழியாகக் குழந்தைகளுக்குப் புத்தகம் கொண்டு சேர்க்கும் முயற்சிகளைப் பற்றி இன்று பேச எண்ணுகிறேன். கணினியின் அற்புதங்களை விவரிப்பது என் நோக்கமன்று. அதற்கு வல்லவர்கள் பலர் இருக்கிறார்கள். ஏழை வீட்டுக் குழந்தையும், பழங்குடிக் குழந்தையும், பார்வையற்ற குழந்தையும், வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியுமாக வளரும் குழந்தையும், வசதியுள்ள வீட்டுக் குழந்தை எவ்வளவு இயல்பாகப் புத்தகத்தை எடுத்துப் பிரித்துப் படிக்கிறதோ அவ்வளவு இயல்பாகப் படிக்கும் நிலை இந்த மின்னேடுகளால் வருமா, வருமென்றால் எந்த நிபந்தனைகளின் பேரில் வரும் என்பதே நான் ஆராய விரும்பும் விஷயம். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நிலை வருவதும் வராமற் போவதும், மின்னேட்டில் உள்ள புத்தகத்தை எடுத்தாளவும், மொழிபெயர்க்கவும், அச்சிட்டுக் கொடுக்கவும் மற்றவர்களுக்கு உரிமை உண்டா என்பதையே முதன்மையாகப் பொறுத்திருக்கிறது. கருவியின் நேர்த்தி அதற்கு வெகு தூரம் பின்னே வருவது.

நூலக வரலாற்றில் 1931ஆம் ஆண்டு தமிழ்நாட்டுக்கு இரு வகையிற் பெருமை தந்த ஆண்டு. சீர்காழியிற் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராகத் தொண்டாற்றிய எஸ். ஆர். ரங்கநாதன், நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்து எழுதிய நூலைச் சென்னை நூலகச் சங்கம் அவ்வாண்டில்தான் வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில், மன்னார்குடிப் பக்கத்து மேலவாசலிலிருந்து, கனகசபைப் பிள்ளை என்ற பெருமகனாரின் முயற்சியால், மாட்டு வண்டியிற் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகச் செல்லும் நூலகம் ஒன்று புறப்பட்டது. ரங்கநாதன் வகுத்த விதிகளுள் இரண்டாவது, வாசகர் யாராயிருப்பினும் அவருக்குத் தகுந்த புத்தகம் அவரைச் சேர்ந்தாக வேண்டும் என்ற கருத்தை உடையது. மூன்றாவது, எழுதப்பட்ட புத்தகம் எதுவாயினும் அதற்குரிய வாசகரை அது அடைந்தாக வேண்டும் என்பது. அவருடைய இடைவிடாத பிரயத்தனத்தின் பயனாக 1948இல் நிறைவேறிய சென்னைப் பொதுநூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் என்ற சிறப்பைப் பெற்றது. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி தண்டி, அந்தப் பணத்தைக் கொண்டே ஊர்தோறும் நூலகம் நடத்தலாம் என்ற ஏற்பாட்டை அது நிலைநிறுத்தியது. அந்நாளில் வாசகனுக்கும் புத்தகத்துக்கும் இடையே நின்ற பெருந்தடை தூரம்; அதைக் கடக்க வண்டி வேண்டியிருந்தது. இன்று தூரம் என்ற தடை ஏறக்குறைய மறைந்துவிட்டது. இரண்டாவது விதி மட்டும் இன்னும் நிறைவேறவில்லை.

நிறைவேறவில்லை என்பதற்கு அத்தாட்சி தேட வெகு தூரம் போக வேண்டியதில்லை. 2005 முதல் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று குழந்தைகளின் படிப்பைச் சோதித்து வரும் 'அசர்' அறிக்கையின்படி, நாடு முழுவதும் கிராமப்புற அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் குழந்தைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடம் ஒன்றைத் தட்டுத் தடங்கலின்றிப் படிக்க வல்லவர்கள் 2018இல் 20.9 சதவீதம், பெருந்தொற்றினாற் பள்ளிகள் மூடிக் கிடந்த பின்னர் 2022இல் அது 16.3ஆக இறங்கி, 2024இல் 23.4ஆக ஏறியது. ஏற்றம் மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், நூற்றுக்கு ஏறத்தாழ எழுபத்தேழு குழந்தைகள் தங்கள் வகுப்புக்குக் கீழ் வகுப்புப் பாடத்தையே படிக்க முடியாமல் மேல் வகுப்புக்குச் செல்கிறார்கள் என்ற செய்தியை மகிழ்ச்சியோடு கேட்டுக்கொண்டிருக்க யாருக்கு மனம் வரும்? எழுத்துக் கூட்டத் தெரிந்த பின் தொடர்ந்து படிக்கக் கையில் ஒன்றும் இல்லாத குழந்தை, கூட்டக் கற்றதையும் மறந்துவிடுகிறது. பாடப்புத்தகம் ஒன்று மட்டுமே வீட்டில் அச்சிட்ட பொருளாக இருக்கும் லட்சக்கணக்கான குடும்பங்களில் நடப்பது இதுதான்.

புத்தகம் கிடைத்துவிட்டால் மாத்திரம் போதுமா என்றால், அங்கே மற்றொரு கேள்வி எழுகிறது. 1965இல் நான்ஸி லாரிக் என்ற அமெரிக்கக் கல்வியாளர், தம் நாட்டுக் குழந்தைப் புத்தகங்களைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதிய கட்டுரை பெரும் பரபரப்பை உண்டாக்கியது. நியூயார்க்கில் ஒரு பாலர் பள்ளியிற் படப் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்த ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி, படத்திலுள்ள குழந்தைகள் எப்போதும் வெள்ளையராகவே இருப்பது ஏன் என்று கேட்டதை எடுத்துக்காட்டி அவர் கட்டுரையைத் தொடங்கினார். மூன்றாண்டுகளில் வெளிவந்த ஐயாயிரத்துக்கு மேற்பட்ட புத்தகங்களைப் பரிசீலித்ததில், கறுப்பினத்தவர் ஒருவரையேனும் காட்டியவை 6.7 சதவீதமே என்று அவர் கணக்கிட்டார். இருபது ஆண்டுகள் கழித்து, 1985இல், விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்துக் குழந்தை நூல் மையம் கணக்கெடுத்தபோது, அவ்வாண்டு அந்நாட்டில் வெளியான ஏறத்தாழ 2,500 குழந்தைப் புத்தகங்களுள் கறுப்பினத்தவர் எழுதியவையோ வரைந்தவையோ 18 மட்டுமே. ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற பேராசிரியை 1990இல், குழந்தைக்குப் புத்தகம் தன் முகத்தைக் காணும் கண்ணாடியாகவும் பிறர் வாழ்வைக் காணும் சாளரமாகவும் இருக்க வேண்டும் என்ற கருத்தை வெளியிட்டார். அது இன்று உலகெங்கும் ஆசிரியர்கள் எடுத்தாளும் கருத்தாகிவிட்டது. எந்தப் புத்தகத்திலும் தன்னைக் காணாத குழந்தை, படிப்பு என்பது தன்னைச் சேர்ந்த காரியமல்ல என்று, யாரும் சொல்லாமலே முடிவு செய்துகொள்கிறது.

நம் நாட்டில் இந்தக் குறை நிறத்தைக் காட்டிலும் மொழியிற் பெரிதாகத் தெரிகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் தாய்மொழியாகப் பேசும் மொழிகள் இந்தியாவில் 121. அவற்றுள் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றவை 22. வண்ணப் படங்களோடு கூடிய ஒரு குழந்தைப் புத்தகத்தைக் கட்டுப்படியாகும் விலைக்கு அச்சிட வேண்டுமானால், ஒரே பதிப்பிற் சில ஆயிரம் படிகளேனும் போட்டாக வேண்டும். போட்டவை விற்றாக வேண்டும். ஒடிஸா மலைகளில் ஜுவாங் மொழி பேசும் குழந்தைக்காக எந்தப் பதிப்பாளர் அந்த நஷ்டத்தைத் தாங்குவார்? பதிப்பாளரைக் குறை சொல்வதிற் பயனில்லை. அச்சுத் தொழிலின் கணக்கு அப்படி. இந்தக் கணக்கை மாற்றும் வல்லமைதான் மின்னேட்டின் உண்மையான விசேஷம் என்று நான் கருதுகிறேன். ஒரு முறை எழுதி வரைந்துவிட்ட கதையை ஐம்பது பேருக்குக் கொடுத்தாலும் ஐந்து லட்சம் பேருக்குக் கொடுத்தாலும், ஒரு மொழியிற் கொடுத்தாலும் நூறு மொழிகளிற் கொடுத்தாலும் செலவு பெரிதும் ஏறுவதில்லை. ஏறாதிருந்தும் கொடுக்கப்படவில்லையென்றால், தடுப்பது உரிமை ஒன்றுதான்.

இதை நன்கு உணர்ந்து செயற்பட்ட ஸ்தாபனம் பெங்களூரில் 2004இல் தொடங்கப்பட்ட 'பிரதம் புக்ஸ்'. லாப நோக்கமின்றிக் குறைந்த விலையிற் பல இந்திய மொழிகளிற் குழந்தைப் புத்தகங்களைப் பிரசுரித்து வந்த அந்நிறுவனம், 2008 முதல் தன் புத்தகங்களை, எவரும் எடுத்தாள இடமளிக்கும் திறந்த உரிமத்தின்கீழ் வெளியிடத் தொடங்கியது. 2014 வாக்கில் ஒடிஸாவின் முண்டா, குயி, சவுரா, ஜுவாங் மொழிகளில் அங்குள்ளவர்களையே எழுதவும் வரையவும் செய்து புத்தகங்கள் கொண்டுவந்தது. பின்னர், 2015ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள், சர்வதேச எழுத்தறிவு நாளன்று, 24 மொழிகளில் 800 கதைகளோடு 'ஸ்டோரிவீவர்' என்ற இணைய நூலகத்தைத் திறந்தது. இன்று அங்குள்ள மொழிகள் 300ஐக் கடந்துவிட்டன.

அந்நூலகத்தின் அமைப்பைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். கதைகள் நான்கு படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன: முதற் படியில் 250 சொற்களுக்கு உட்பட்டவை, சொல்லும் தொடரும் திரும்பத் திரும்ப வருபவை, நான்காம் படியில் 1,500 சொற்களுக்கு மேற்பட்டவை. ஓர் உபாத்தியாயர் ஒரு கதையைத் திறந்து மொழிபெயர்க்க வேண்டுமென்று குறித்தால், பக்கத்துக்குப் பக்கம் மேலே படமும், ஒருபுறம் மூல வாசகமும், அருகே வெற்றிடமும் தோன்றும். அந்த வெற்றிடத்தில் அவர் தம் மொழியில் எழுதிக்கொண்டே போகலாம். படம் புதிதாக வரைய வேண்டியதில்லை. பக்கம் கட்டத் தெரிய வேண்டியதில்லை. எழுதி முடித்து வெளியிட்டால், கடைசிப் பக்கத்தில் மூலத்தை எழுதியவர், படம் வரைந்தவர், மொழிபெயர்த்தவர் எல்லாருடைய பெயரும் வரிசையாக நிற்கும். பெயரைச் சொல்லிவிட்டு எவரும் எதற்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற உரிமக் குறிப்பும் அங்கே இருக்கும். எந்த எழுத்தாளர் புகழும் இதனாற் குறையவில்லை. தாம் கேட்டறியாத மொழிகளிலெல்லாம் அவர் பெயர் அச்சேறுகிறது. அந்த ஏட்டை இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாத இடத்திலும் படிக்கலாம். தாளில் அச்சிட்டும் கொடுக்கலாம். தென்னாப்பிரிக்காவின் ஸைட் என்ற கல்வி ஸ்தாபனம் 2014இல் தொடங்கிய 'ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக்' என்ற நூலகமும் இதே கொள்கையில் நடப்பது. இரண்டும் திறந்த உரிமத்தில் இருப்பதனால், கென்யாவிலும் உகாண்டாவிலும் பிறந்த கதைகள் யாரிடமும் அனுமதிக் கடிதம் எழுதிக் காத்திராமல் இந்திய மொழிகளுக்கு வர முடிகிறது. இங்குள்ள கதைகள் அங்கே போக முடிகிறது.

உரிமையை இவ்வாறு திறந்துவிடுவது ஏதோ மேனாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று நம்மவர் எண்ணிவிடக் கூடாது. 1949இல் சென்னை அரசாங்கம் பாரதியாரின் நூல்களுக்குரிய பதிப்புரிமையைப் பெற்று, பின்னர் எவரும் அச்சிடலாம் என்று அவற்றைப் பொதுமக்களுக்கே உடைமையாக்கியது. ஒரு கவிஞரின் படைப்பை ஓர் அரசு இவ்வாறு மக்களுக்குக் கொடுத்தது அந்நாளில் அபூர்வமான செயல். அதன் விளைவைத் தமிழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: மலிவுப் பதிப்பாக, பள்ளிப் பரிசாக, பொதுக்கூட்டப் பாட்டாக அவர் கவிதை நுழையாத தெரு இல்லை. அன்று தொடங்கிய நாட்டுடைமையாக்கும் வழக்கம் இன்று நூற்றுக்கு மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்களை, அவர்களுடைய குடும்பத்தாருக்குப் பரிவுத்தொகை கொடுத்து, பொதுவுடைமையாக்கியிருக்கிறது. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளிற் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முன்முயற்சியால் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளிற் சிதறி வாழும் தமிழர்கள் கூலி எதிர்பாராமற் பண்டை இலக்கியங்களைத் தட்டெழுதி, ஒருவர் எழுதியதை மற்றவர் மெய்ப்புப் பார்த்து, இணையத்தில் ஏற்றிய கதையும் நாம் அறிந்ததே. ஒரு கணினியில் எழுதியது மற்றொரு கணினியில் வெறுங் கிறுக்கலாகத் தெரிந்த அந்த எழுத்துருக் குழப்பக் காலத்திலேயே அவர்கள் அதைச் செய்தார்கள். உரிமையைத் திறந்துவிட்டால் வாசகர் பெருகுவர் என்ற உண்மைக்குத் தமிழே சாட்சி. ஆனால் இத்தனை நன்கொடையிலும் குழந்தைக்கென்று வந்தது மிகக் குறைவு. படப் புத்தகத்தில் எழுதியவர் உரிமை ஒன்று, வரைந்தவர் உரிமை மற்றொன்று. இரண்டையும் சேர்த்துப் பெற வேண்டுமென்ற எண்ணம் நம் ஏற்பாடுகளில் இன்னும் புகவில்லை.

உரிமை மூடியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2011இல் ஹார்ப்பர்காலின்ஸ் என்ற பெரும் பதிப்பகம், நூலகங்களுக்குத் தான் விற்கும் மின்னூலை 26 முறை இரவல் கொடுத்ததும் அது மறைந்துபோகும், மேலும் வேண்டுமானால் மறுபடி பணம் கட்ட வேண்டும் என்று விதித்தது. அச்சுப் புத்தகம் தேய்வதுபோல் மின்னூலும் தேய வேண்டும் என்பது அதன் நியாயம். அமெரிக்காவிற் செல்வமுள்ள பள்ளி மாவட்டங்கள் ஆண்டுச் சந்தா கட்டி மாணவர்களுக்குப் பல்லாயிரம் மின்னூல்களை வழங்குகின்றன; சந்தா நின்ற அன்று அலமாரி முழுவதும் காலியாகிறது. ஏழை மாவட்டத்தில் அந்த அலமாரி திறப்பதே இல்லை. எழுத்தாளரும் பதிப்பாளரும் பிழைக்க வேண்டியது நியாயந்தான். அவர்களுடைய ஊதியத்தை மறுப்பது என் கருத்தன்று. ஆனால் எழுதியவருக்கும் வரைந்தவருக்கும் தொடக்கத்திலேயே தக்க ஊதியம் கொடுத்து, பிறகு படைப்பைத் திறந்துவிடும் வழி இருக்கையில், வாடகை முறை ஒன்றே மின்னூலுக்குரிய இயற்கை என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. அரசுப் பணத்தினாலோ தருமப் பணத்தினாலோ உண்டாகும் குழந்தை நூலுக்கு வாடகை வாங்குவது தருமத்துக்கே விரோதம்.

திறந்த நூலகங்களிலும் குறை இல்லாமலில்லை. எவரும் மொழிபெயர்க்கலாம் என்றால் நன்றாக மொழிபெயர்ப்பவரும் வருவர், அகராதியைப் புரட்டி ஒப்பேற்றுபவரும் வருவர். இப்போது இயந்திரமே மொழிபெயர்த்துத் தள்ளுகிறது. ஆங்கில வாக்கியத்தைத் தமிழ் எழுத்திற் பெயர்த்து வைத்தால் அது தமிழ்க் கதையாகாது. ஏழு வயதுக் குழந்தைக்கு அது சொந்த மொழியிலேயே ஓர் அந்நிய மொழி. தமிழுக்கென்று ஒரு சிக்கலும் தனியாக உண்டு. வீட்டிற் பேசும் நடைக்கும் ஏட்டு நடைக்கும் இடைவெளி பெரிது. முதற் படிக் கதையை எந்த நடையில் எழுதுவதென்று ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். பாத்திரங்களின் பேச்சைப் பேச்சு வழக்கிலும், கதை சொல்லும் பகுதியை எளிய எழுத்து நடையிலும் அமைப்பதே குழந்தைக்கு இரண்டையும் இணைத்துக் காட்டும் என்பது என் துணிபு. எதுவாயினும், திறந்த நூலகத்துக்கும் நல்ல பதிப்பாசிரியர் வேண்டும்; அவருக்குச் சம்பளமும் வேண்டும். தொண்டர்கள் இருக்கிறார்கள் என்பதனாற் செம்மை தானே வந்துவிடாது.

திரையிற் படிப்பது தாளிற் படிப்பதற்கு ஈடாகுமா என்ற ஐயத்தையும் நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். 2018இல் வெளிவந்த ஒரு பெருந்தொகுப்பாய்வு, ஒரு லட்சத்து எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் நடத்தப்பட்ட 54 ஆய்வுகளை ஒருங்கே வைத்துப் பார்த்து, செய்தி உரைகளைப் பொறுத்தமட்டில், அதிலும் நேரம் குறித்துப் படிக்கும்போது, தாளே மேல் என்று கண்டது. கதைகளைப் பொறுத்தவரை அந்த வேறுபாடு தோன்றவில்லை. சிறு குழந்தைகளைப் பற்றி 2021இல் வந்த மற்றொரு தொகுப்பாய்வு, கதையோடு ஒட்டிய ஒலியும் அசைவும் துணை செய்யக்கூடும் என்றும், கதைக்குப் புறம்பான வேடிக்கைகள் கவனத்தைச் சிதறடிக்கும் என்றும் தெளிவாக்கியது. ஆகவே ஆடும் படங்களையும் பரிசுப் புள்ளிகளையும் நிறைத்து வைத்திருக்கும் செயலிகளைக் கண்டு பெற்றோர் மயங்க வேண்டாம். கருவிகளும் பழுதாகும். 'வேர்ல்ட்ரீடர்' என்ற தொண்டு நிறுவனம் 2010 வாக்கில் கானா நாட்டுப் பள்ளிகளில் மின்னூற் படிப்பான்களைக் கொடுத்து நடத்திய முதற் பரிசோதனையிற் குழந்தைகள் ஆர்வத்தோடு படித்தார்கள். ஆனால் ஐந்தில் இரண்டு பங்குக் கருவிகள் உடைந்து போயின.

இதனாலேயே, மின்னேடு தாளாகவும் மாற முடிய வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இரண்டே ஆசிரியர்கள் உள்ள ஒரு தொடக்கப்பள்ளியில் நான் கண்டது இது. அந்தப் பள்ளிக்கூட வராந்தாவின் ஒரு கோடியில் மட்டுமே கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும். ஆசிரியை மாலையில் ஊர் திரும்பியதும் கதைகளை இறக்கிக்கொண்டு, ஜெராக்ஸ் கடையிற் கறுப்பு வெள்ளையாக அச்செடுத்து, நடுவில் நூல் கோத்துத் தைத்து எடுத்து வருவார். நிறமற்ற படங்களுக்குக் குழந்தைகள் வண்ணம் தீட்டித் தங்கள் பெயரையும் எழுதி வைத்துக்கொள்வார்கள். வகுப்பில் வாய் திறவாத ஓர் இருளர் வீட்டுச் சிறுமிக்காக, அவள் பாட்டியையே பள்ளிக்கு அழைத்து, அந்தப் படங்களைக் காட்டி, அவர்கள் பேச்சிற் கதையைச் சொல்லச் சொல்லி, அதைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதிப் படத்தின் கீழ் ஒட்டியிருந்தார். அந்தப் பெண் அதை உரக்கப் படித்தபோது, மற்ற குழந்தைகள் அவளைச் சூழ்ந்துகொண்டு சொல்லுக்குச் சொல் பொருள் கேட்டார்கள். அந்த வகுப்பில் அவள் ஒருத்தி மட்டுமே அறிந்த ஒன்று இருந்தது என்பதை அன்றுதான் எல்லாரும் தெரிந்துகொண்டார்கள். அந்தக் கதையின் உரிமை மூடப்பட்டிருந்தால், ஆசிரியை இவற்றையெல்லாம் இவ்வளவு தயக்கமின்றிச் செய்திருக்க முடியாது.

பார்வையற்ற குழந்தைகளின் நிலையிலும் உரிமையே முதற் கேள்வியாக நின்றது. ஒரு புத்தகத்தை ஒலி நூலாகவோ பிரெய்ல் நூலாகவோ மாற்ற ஒவ்வொரு பதிப்பாளரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருந்த அநீதியை, 2012இல் நம் பதிப்புரிமைச் சட்டத்தில் வந்த திருத்தம் நீக்கியது. 2013 ஜூனில் மராகேஷ் நகரில் உருவான சர்வதேச உடன்படிக்கை அதை உலக நியதியாக்கியது. அதை முதன்முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா, 2014இல். 2016இல் 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகமும் தொடங்கப்பட்டது. சட்டத்தில் முன் நின்ற நாம், தமிழ்க் குழந்தைப் புத்தகங்களை அவ்வடிவத்திற் கொடுப்பதிற் பின்தங்கியிருப்பது வருந்தத்தக்கது. படத்தை நம்பி நிற்கும் கதையைப் பார்வையற்ற குழந்தைக்குச் சொல்ல, படத்தைச் சொல்லால் விவரிக்கும் ஒரு தனிக் கலை தேவை. அதைப் பயின்ற எழுத்தாளர்கள் நமக்கு வேண்டும்.

கைப்பேசி வீட்டில் இருப்பதும் குழந்தையின் கையில் இருப்பதும் ஒன்றல்ல. 2024ஆம் ஆண்டு அசர் அறிக்கையில், ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்த 14 முதல் 16 வயதுக் கிராமப்புறப் பிள்ளைகளுள், தனக்கென்று ஒன்று வைத்திருந்த ஆண்கள் 36.2 சதவீதம், பெண்கள் 26.9 சதவீதம். முந்தைய வாரத்தில் அதைப் படிப்புக்குப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம். சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். தங்கையின் முறை வருவதற்குள் அண்ணன் கையில் மின்னேற்றம் தீர்ந்துவிடும் வீடுகளுக்கு, பள்ளி நூலகத்து அலமாரியும் தைத்த தாள் புத்தகமும் இன்னும் அவசியம். குழந்தை எதைப் படித்தது, எங்கே நிறுத்தியது என்று கணக்கெடுத்து விற்கும் செயலிகளிடமிருந்தும் அதைக் காக்க வேண்டும். 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டோரைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதைத் தடுக்க வகைசெய்திருக்கிறது. பள்ளிகள் அதை அறிந்திருக்க வேண்டும்.

நம் மாநிலத்தில் அடித்தளம் இல்லாமலில்லை. 2018 முதல் பாடநூல்களில் விரைவுத் துலங்கல் (QR) குறியீடுகள் அச்சாகின்றன. பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகச் சிறு புத்தகங்களை அழகுற வகுத்து வகுப்பறைகளுக்கு அனுப்பியது. கதையை எழுதியவர்களுள் ஆசிரியர்களும் உண்டு. இந்த நற்காரியத்தை இன்னும் ஓரடி முன்னே கொண்டுசெல்ல, கூடியிருப்போரிடம் மூன்று விண்ணப்பங்களை வைக்க விரும்புகிறேன். முதலாவது, அரசாங்கம் தன் செலவில் உருவாக்கும் குழந்தை நூல் ஒவ்வொன்றையும், எழுத்தும் படமும் சேர்த்து, மொழிபெயர்க்கவும் அச்சிடவும் கூடிய திறந்த உரிமத்தில் வெளியிட வேண்டும். நீலகிரியின் தோடர், கோத்தர், இருளர், குறும்பர் மொழிகளிலும், சௌராஷ்டிரத்திலும், எல்லைப்புறத்துத் தெலுங்கு, கன்னட வழக்குகளிலும் அவற்றை அந்தந்தச் சமூகத்தாரே எழுத ஊதியம் கொடுக்க வேண்டும். இரண்டாவது, தமிழ் எழுத்தாளர்களும் ஓவியர்களும் தத்தம் படைப்புகளுள் ஒரு குழந்தைக் கதையையேனும் மனமுவந்து பொதுவில் விட வேண்டும். மூன்றாவது விண்ணப்பம் இந்த அறக்கட்டளைக்கே உரியது: இதுவரை இங்கு நிகழ்ந்த சொற்பொழிவுகளையும் இன்றைய இந்த உரையையும் திறந்த உரிமத்தில் வெளியிட்டு, ஆண்டுதோறும் இவ்வறக்கட்டளையின் வருமானத்தில் ஒரு பங்கை ஒரு குழந்தைப் புத்தகத்தின் எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் ஊதியமாகக் கொடுத்து, அப்புத்தகத்தை எல்லா மொழிக் குழந்தைகளுக்கும் உரியதாக்குமாறு அறங்காவலர்களைப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.